ஹெரால்டின் முன்மூடி

இன்னும் காயல, கொஞ்சம் உட்காருங்க மேடம் என்று சொல்லிவிட்டு நூருல்லா பாய் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டார். உட்காரச் சொல்லிக் காட்டிய நாற்காலியும் ஃபைபர். இந்த அம்பத்தூர் கொட்டகையில் ஃபைபர் அல்லாத பொருள் என்று பார்த்தால் நானும், அவருடைய ஆட்கள் இரண்டு பேரும், நடுவில் நிற்கிற என் காரும்தான். நானும்கூட முழுசாக இல்லை, அது வேறு கதை. காய்வது என்றால் வேட்டி காய்கிற மாதிரி காய்வது கிடையாது. ரெசினில் ஹார்டனரைக் கலந்து கண்ணாடி நார்ப் பாய் மேல் தடவிவிட்டால் அது தானாகச் சூடேறி, தானாக இறுகி, தானாக ஆறிக்கொள்ளும். ஓரங்களுக்குக் கடைசி அடுக்கு காலையில்தான் தடவினார்களாம். அது ஆறுகிற வரைக்கும் எனக்கு நேரம், அதற்குள் நான் முடிவு சொல்ல வேண்டும்: என் ஹெரால்டுக்கு முன்பக்கம் இரும்பா, ஃபைபரா. மற்ற கார்களுக்கு இந்தத் தலைவலி இல்லை. பானெட் தனி, மட்கார்டு தனி, எது நசுங்கியதோ அதைக் கழற்றி மாற்றிவிட்டுப் போகலாம். ஸ்டாண்டர்டு ஹெரால்டுக்கு முன்பக்கம் முழுக்க ஒரே மூடி. இரண்டு மட்கார்டு, நடுவில் பானெட், விளக்குக் குழிகள், எல்லாம் சேர்ந்து ஒன்று. கண்ணாடிக்குக் கீழே இரண்டு பக்கமும் கொக்கியை விடுவித்துவிட்டுப் பின்னோரத்தைப் பிடித்துத் தூக்கினால் மொத்தமும் முன்னால் சாய்ந்துகொள்ளும், எஞ்சின், சக்கரம், ஸ்டியரிங் கம்பி எல்லாம் வெட்டவெளியில் நிற்கும். எவனோ ஒரு கிறுக்கன் யோசித்தது, அதனால்தான் எனக்குப் பிடித்தது. இப்போது காரின் மேல் தற்காலிகமாக மாட்டியிருக்கிறதே, அந்த இரும்பு மூடி பாய் எங்கெங்கோ சொல்லிவைத்துப் புதுப்பேட்டையில் பிடித்தது. அதன் மேலேயே மோல்டு எடுத்து இந்த ஃபைபர் மூடியையும் வார்த்துவிட்டார். இரும்பை நான் வேண்டாம் என்றால் சாயந்திரம் வேலூரிலிருந்து ஒருவர் வந்து எடுத்துக்கொண்டு போய்விடுவார். நீங்கதான் முதல்ல கேட்டீங்க, நீங்க சொன்னப்புறம்தான் அவருக்கு என்றார் பாய். நியாயமான மனுஷர். நியாயமான மனுஷர்களிடம் சாக்குச் சொல்லித் தப்பிக்க முடியாது. ஒன்றுமே இல்லை, பின்னோரத்தைப் பிடித்துத் தூக்க வேண்டும், அவ்வளவுதான் என்று எத்தனை பேருக்கு இந்தக் காரைப் பற்றிச் சொல்லியிருப்பேன். தூக்க வேண்டும். எல்லாம் அந்த ஒரு வார்த்தையில் வந்து நிற்கிறது.

இடது கை. முழங்கைக்கு மேலிருந்து மணிக்கட்டு வரைக்கும் தோல் நிறத்தில் இறுக்கமான ஓர் உறை போட்டிருக்கிறேன். பார்க்கிறவர்கள் வெயிலுக்குப் போட்டிருக்கிறாள் என்று நினைத்துக்கொள்வார்கள், ஸ்கூட்டர் ஓட்டுகிற பெண்கள் போடுகிறார்களே அந்த மாதிரி. நினைக்கட்டும். போன வருஷம் இடது மார்பை எடுத்தபோது அக்குளுக்குள் இருந்த நெறிகட்டிகளையும் வழித்து எடுத்துவிட்டார்கள். அதிலிருந்து அந்தக் கையில் நீர் தங்குகிறது, வீங்குகிறது, வளையல் ஏறுவதில்லை. அந்தக் கையால் வெயிட் தூக்காதீங்கம்மா என்றாள் டாக்டர் பெண். வெயிட் என்றால் எவ்வளவு என்று கேட்டேன். காய்கறிப் பைகூட வேண்டாமே என்றாள், என்னவோ நான் ஆசைப்பட்டு அவளிடம் காய்கறிப் பை கேட்டுவிட்ட மாதிரி. யாரிடம் சொல்கிறாள்? ரயில் பெட்டித் தொழிற்சாலையில், பெட்டியின் கூடு கட்டுகிற ஷாப்பில், வெல்டிங் பொறி தலைமேல் பறக்கப் பறக்க ஒரு காலம் முழுக்க நின்றவளிடம். தகடு என்றால் தட்டிப் பார்த்தே தடிமன் சொல்லுவேன். அதெல்லாம் அவளுக்கு எப்படித் தெரியும், பாவம், அவள் முன்னால் உட்கார்ந்திருந்தது ஸ்கார்ஃப் கட்டின ஒரு பொம்பளை. ஆனால் அன்றிலிருந்து ஒன்று ஆரம்பித்தது. என் கையில் எது இருந்தாலும் யாராவது வாங்கிக்கொள்கிறார்கள். பால் பாக்கெட், குடை, மடித்த துணி. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பெஞ்சுக்குப் போவதற்குள் ஒரு சகோதரி ஓடி வந்து பைபிளை வாங்கிக்கொள்கிறாள். பைபிளைக்கூடவா? வீட்டில் இவர், என் வீட்டுக்காரர் தேவசகாயம், நான் தண்ணீர் ஜாடியைத் தொட்டாலே அடுத்த அறையிலிருந்து விடு எஸ்தரு, நான் பாத்துக்கறேன் என்கிறார். ஜாடி மேடையில் உரசுகிற சத்தம் அவருக்குக் கேட்கிறது, நான் கூப்பிட்டால் மட்டும் கேட்பதில்லை. அவர் சொல்வதில் ஒரு குற்றமும் கண்டுபிடிக்க முடியாது, அதுதான் கஷ்டம். கோபப்படுவதற்கு ஓர் இடம்கூட விட்டுவைக்காமல் அன்பாக இருக்கிறார். கார் ஒன்றுதான் அவருக்குத் தெரியாது. கல்யாணமான நாளிலிருந்து பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வழியெல்லாம் போர்டு படித்துக்கொண்டு வருகிறவர், ஆயில் எங்கே ஊற்றுவது என்று இன்றைக்கும் கேட்டால் முழிப்பார். சனிக்கிழமை காலையில் நான் மூடியைத் தூக்கி, ஆயில் பார்த்து, பிளக்கைக் கழற்றித் துடைத்து மாட்டுகிற வரைக்கும் அந்தப் பக்கமே வரமாட்டார். அந்த ஒரு காலைப்பொழுதை யாரும் என்னிடமிருந்து வாங்கிக்கொள்ளவில்லை, ஏனென்றால் வாங்கிக்கொள்ள யாருக்கும் தெரியாது. இனிமேல் மூடியைத் தூக்க ஆள் வேண்டும் என்றால் முதலில் வந்து நிற்பது அவராகத்தான் இருக்கும். ஒவ்வொரு சனிக்கிழமையும், இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, நான் முடிக்கிற வரைக்கும் பொறுமையாக.

இந்த வாசனை. நெயில் பாலிஷும் தின்னரும் கலந்த மாதிரி, மூக்கின் பின்பக்கம் போய் உட்கார்ந்துகொள்கிறது. ஊசி மருந்து ஏற்றின நாட்களில் வாசனை எதுவானாலும் வயிற்றைப் புரட்டும், வாயில் எப்போதும் ஆணியைச் சப்பின ருசி. இரும்போடு இத்தனை காலம் குடித்தனம் பண்ணினோம், அது வாய்க்குள்ளேயே வந்துவிட்டது என்று நினைத்துச் சிரித்தேன், அப்போதே. ஊசி ஏற்றிக்கொண்டு வந்து படுத்திருந்த ஒரு மத்தியானம்தான் தண்ணீர் லாரி ரிவர்ஸில் வந்து காரின் முன்பக்கத்தை நசுக்கியது. கட்டிலிலிருந்து எழுந்திருக்கவே இல்லை. சத்தத்தை வைத்தே தெரிந்துவிட்டது, இது வாளியும் இல்லை கேட்டும் இல்லை, என் காரின் தகடு மடிகிறது என்று. டிங்கர் வந்து பார்த்துவிட்டு இது தட்டி எடுக்கிற கேஸ் இல்லம்மா, மாத்தித்தான் ஆகணும் என்றார். டாக்டர் பெண்ணும் ஏறக்குறைய இதையேதான் சொன்னாள், கொஞ்சம் நல்ல தமிழில். அதோ சுவரோரம் பார்க்குகளில் வைக்கிற பெங்குவின் குப்பைத்தொட்டிகள், வாயைத் திறந்துகொண்டு வரிசையாக. அதற்குப் பக்கத்தில் ரவிக்கைக் கடைக்குப் போகிற பொம்மைகள், தலை இல்லை, இடுப்புக்குக் கீழே இல்லை, மற்றபடி இருக்கிற இரண்டும் ஒரே அளவில், ரொம்பச் சரியாக. தெரிகிறது, தெரிகிறது, எனக்கும் கண் இருக்கிறது. இதை வைத்து யாரும் எனக்கு உவமை சொல்ல வேண்டாம். எனக்கு வந்த கேள்வியே வேறு. ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துக் கடையில் இரண்டு வகை காட்டினார்கள், ரவிக்கைக்குள் வைத்துக்கொள்வதற்கு. சிலிகான், நிஜத்தின் எடை, அப்போதுதான் முதுகு ஒரு பக்கமாக இழுக்காது, ஆனால் வேர்க்கும். இன்னொன்று பின்னல் உறையில் பஞ்சு அடைத்தது, எடையே கிடையாது, துவைத்துக் காயப்போடலாம். பஞ்சைக் கொடும்மா என்று ஒரு நிமிஷத்தில் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். சென்னை வெயிலில் எவள் நிஜத்தின் எடையைச் சுமப்பாள்? உடம்புக்கு ஒரு நிமிஷத்தில் முடிவு பண்ணினவள் காருக்கு இப்படி உட்கார்ந்து முழித்துக்கொண்டிருக்கிறேன். ஃபைபர் மேல் எனக்கு மரியாதை இல்லை, உள்ளதைச் சொல்வதற்கென்ன. இரும்பு நசுங்கும், ஃபைபர் சிதறும். பழைய கார்க்காரர்கள் கூடுகிற ஞாயிற்றுக்கிழமைகளில் சிலர் சட்டைப்பையில் குட்டிக் காந்தம் வைத்துக்கொண்டு வருவார்கள். பேசிக்கொண்டே, கார் ரொம்ப அழகா வச்சிருக்கீங்க என்று சொல்லிக்கொண்டே, மட்கார்டில் ஒட்டிப் பார்ப்பார்கள். நசுங்கலை மறைக்கப் பட்டி பூசின இடமென்றால் ஒட்டாமல் வழுக்கும், ஃபைபர் என்றால் நேரே கீழே விழும். விழுந்ததைக் குனிந்து எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு அடுத்த காருக்குப் போய்விடுவார்கள். அந்தக் குனிதல் ஒன்று போதும். நானே செய்திருக்கிறேன். இப்போது என் காரின் முன்னால் ஒருவர் குனிந்தால் என்ன, குனியட்டுமே, என்னைவிட வயசு குறைந்தவர்களுக்கு முதுகு நன்றாகத்தானே இருக்கிறது.

ஃபோன். இவர்தான். சாப்பிட்டாயா, வெயிலில் நிற்கிறாயா, அங்கே தூக்கிவைக்க ஆள் இருக்கிறதா. இருக்கிறது, இருக்கிறது. இரும்பா ஃபைபரா என்று கேட்கவில்லை, அது என் விஷயம் என்று அவருக்குத் தெரியும், அந்த மரியாதை இன்னும் இருக்கிறது. ஃபோனை வைத்ததும் மறுபடி பாய் காலையில் சொன்னதில் போய் மாட்டிக்கொள்கிறேன். இரும்பு போட்டா வருஷா வருஷம் துரு பாக்கணும் மேடம், நம்ம ஊர்க் காத்து அப்படி, இது உங்க ஆயுசுக்கும் வரும் என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார். பெங்குவின் வாங்க வருகிறவனிடமும் இதைத்தான் சொல்லுவார். நானும் தலையாட்டிவிட்டு விளக்குக் குழியின் ஓரத்தைத் தடவிப் பார்த்தேன். உங்க ஆயுசுக்கும். சரி, எவ்வளவு? ஒரு பொருள் எவ்வளவு நாள் வரும் என்று கேட்டால் அளவு தெரிந்த ஒன்றை வைத்துத்தானே சொல்ல வேண்டும், அளவே போடாத ஸ்கேலை வைத்து எவனாவது அளப்பானா? ஷாப்பில் ஒருவன் அப்படி அளந்திருந்தால் வெளியே அனுப்பியிருப்பேன். அடுத்த மாசம் ஸ்கேன். பயமாக இருக்கிறது. இவரிடம் பயமில்லை என்று சொல்லியிருக்கிறேன், அவரும் பயமில்லை என்று சொல்லியிருக்கிறார், இரண்டு பேரும் அதை அப்படியே ஒத்துக்கொண்டு லைட்டை அணைத்துவிட்டுத் தூங்குகிறோம். சரி, கணக்காகவே யோசிப்போம். ஸ்கேன் நன்றாக வரவில்லை, நாள் கொஞ்சம்தான் என்றால், இருக்கிற சனிக்கிழமைகளில் மூடியை நானே தூக்க வேண்டும், ஆகவே ஃபைபர். ஸ்கேன் நன்றாக வந்தது, நாள் நிறைய என்றால், கைக்கும் வயசாகும், ஆகவே அப்போதும் ஃபைபர். எந்தப் பக்கத்திலிருந்து போட்டாலும் விடை ஒன்றுதான் வருகிறது. பின்னே ஏன் எழுந்து போய் ஃபைபர் பாய் என்று சொல்லமாட்டேன் என்கிறேன்? ஏனென்றால் இரும்பை வாங்குவது என்றால் கை திரும்பி வரும் என்று நம்புவது. பயிற்சி செய்கிறேன், சுவரில் விரலால் ஏறி ஏறி இறங்குகிறேன், ஒரு நாள் வந்துவிடும், வந்ததும் தூக்குவதற்கு இரும்பு இருக்க வேண்டாமா. இரும்பு வேலூருக்குப் போய்விட்டால் கை எதற்காக வர வேண்டும்? முட்டாள்தனம்தான். முட்டாள்தனம் என்று தெரிந்துகொண்டே அது உள்ளே போய் நன்றாகக் காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறது. எழுந்து போய் ஒருதரம் தூக்கிப் பார்த்துவிட்டால் என்ன? பார்த்தால் தெரிந்துவிடும். அதனால்தான் இத்தனை நேரம் பார்க்கவில்லை.

எழுந்தேன். பாய் அந்தப் பக்கம் திரும்பி ஒரு பொம்மையின் தோளை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார், ஆட்கள் இரண்டு பேரும் வாசலில். இந்தப் பக்கத்துக் கொக்கியை விடுவித்தேன், சுற்றிப் போய் அந்தப் பக்கத்தையும். கை பழகின இடத்துக்குத் தானாகப் போய்விட்டது, உடம்புக்கு என்ன தெரியும், அது பாட்டுக்கு நேற்று மாதிரி நினைத்துக்கொண்டு காலை அகட்டி வைத்து முதுகை நிமிர்த்திக்கொண்டது. வலது கையால் முதலில். இரண்டு விரல் அளவு எழும்பியது. நல்ல எடை, நிஜமான எடை, எனக்குத் தெரிந்த எடை, பார்த்து எத்தனை நாளாயிற்று என்று கேட்க வேண்டும் போல. அப்புறம் இடது கையையும் கொடுத்தேன். இடுப்பு உயரம் வரைக்கும் வந்தது. வந்துவிட்டது என்றே நினைத்தேன். அக்குளுக்குள்ளிருந்து ஒரு நூலைப் பிடித்து யாரோ முழங்கைக்கு இழுத்தார்கள், கை என்னுடையது இல்லை என்று சொல்லிவிட்டது. கத்தவில்லை. வாயிலிருந்து ஏதோ ஒரு சின்னச் சத்தம், நானே கேட்டறியாத சத்தம், அவ்வளவுதான். அதற்கே மூன்று பேரும் ஓடி வந்துவிட்டார்கள். விடுங்க மேடம், விடுங்க, விடுங்க. எத்தனை கை! மூடியை ஒருவன் வாங்கிக்கொண்டான், என் தோளிலிருந்து கைப்பையை இன்னொருவன் வாங்கிக்கொண்டான், அது எதற்கு என்று அவனுக்கும் தெரியாது. பாய் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து பின்னால் போட்டார். தண்ணீர் வந்தது. எங்கயாச்சும் பட்டுதா என்றார்கள். கை வழுக்கிடுச்சு என்றேன். கிரீஸ் பட்ட இடமா இருக்கும் மேடம் என்று பாய் எனக்காக ஒரு காரணம் கண்டுபிடித்துக் கொடுத்தார். ஆமாம் என்று வாங்கிக்கொண்டேன். உட்கார்ந்தேன். அவமானம் என்று ஒன்றும் பெரிதாக இல்லை, ஷாப்பில் எத்தனையோ பேர் முன்னால் எத்தனையோ தப்பாகிப் போயிருக்கிறது. துக்கம்தான். ஓர் ஆளை ஸ்டேஷனில் விட்டுவிட்டுத் தனியாகத் திரும்பி வருகிற மாதிரி. உறைக்குள் கை துடித்துக்கொண்டிருந்தது, அதை மடியில் வைத்து மற்ற கையால் மூடிக்கொண்டேன்.

பாய் போய் மோல்டின் ஓரத்தைத் தொட்டுப் பார்த்தார். ஆறிடுச்சு, எடுத்துடலாம் என்றார். மர ஆப்புகளை ஓரம் ஓரமாகச் செருகி, ரப்பர் சுத்தியால் மெதுவாகத் தட்டிக்கொண்டே சுற்றி வந்தார்கள். எங்கோ ஓரிடத்தில் காற்று புகுந்து மொத்தமும் தொளக்கென்று விட்டுக்கொண்டது. இரண்டு பேர் அதை ஆளுக்கொரு முனையாகப் பிடித்துக்கொண்டு பேசிக்கொண்டே நடந்து வந்தார்கள், கோரைப்பாயைச் சுருட்டிக்கொண்டு போகிறவர்கள் மாதிரி. இரும்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, முன்னால் இரண்டே இரண்டு போல்ட்டில் இதைக் காரில் மாட்டினார்கள். பெயிண்ட் இல்லாமல் மங்கலான பச்சையில், நார் நாராக உள்ளே தெரிய, வெளிச்சம் அதற்குள் புகுந்து வந்தது. காரின் முகம் அதேதான், புருவம் அதே புருவம், ஆனால் அந்தப் பக்கம் யார் நிற்கிறார்கள் என்று நிழலாகத் தெரிகிறது. இன்னும் ஓரம் வெட்டல, கையில குத்தும், கொஞ்சம் பொறுங்க மேடம் என்றார் பாய். அதற்குள் வாசலில் குட்டியானை வந்து ஹாரன் அடித்தது, பெங்குவின்களை ஏற்றிக்கொண்டு போக. மூன்று பேரும் வாசலுக்குப் போனார்கள். நான் எழுந்து வலது பக்கம் போய் நின்றேன். முந்தானையை மடித்து ஓரத்தின் மேல் போட்டு வலது கையால் பிடித்தேன். இடது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டேன், பள்ளிக்கூடத்தில் நிற்க வைத்த பிள்ளை மாதிரி. மூச்சை இழுத்துப் பிடித்து, பல்லைக் கடித்து, இரும்புக்கு எவ்வளவு கொடுப்பேனோ அவ்வளவையும் கொடுத்துத் தூக்கினேன். அது பறந்தது. அப்படியே முன்னால் போய், அளவுக்கு மேல் சாயாமல் தடுக்கிற வார் இழுத்துப் பிடிக்க, கொட்டகை முழுக்கக் கேட்கிற மாதிரி டம்மென்று அடித்து நின்றது. இதோ வரப்போகிறார்கள் என்று வாசலைப் பார்த்தேன். ஒருவரும் வரவில்லை. ஒருவன் வண்டியின் மேல் ஏறி நின்று பெங்குவினை வாங்கிக்கொண்டிருந்தான், ஒருவன் கீழேயிருந்து கொடுத்துக்கொண்டிருந்தான், பாய் வாயாலேயே எண்ணிக்கொண்டிருந்தார். மூடியை இறக்கினேன். மறுபடி தூக்கினேன், இந்தத் தடவை வேண்டிய அளவு மட்டும் கொடுத்து. கூடவே வந்தது. எஞ்சின் அங்கேயே இருந்தது, தூசி படிந்து, ஒரு பக்கத்தில் பல்லி முட்டை ஓடு ஒட்டிக்கொண்டு. சந்தோஷமாக இருந்தது. இப்படிச் சந்தோஷப்படுவதற்கு இதில் என்ன இருக்கிறது என்று கேட்டால் சொல்லத் தெரியாது, யாரும் திரும்பிப் பார்க்காமல் ஒரு காரியம் செய்து ரொம்ப நாளாயிற்று. இறக்கவில்லை, அப்படியே பிடித்துக்கொண்டு நின்றேன். குட்டியானை போனபிறகு பாய் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்துக்கொண்டே வந்தார். கைபிடிக்கிற இடத்துக்கு உள்ளே ஒரு மரக்கட்டை வைத்து மேலே ஒரு அடுக்குப் போட வேண்டுமாம், இல்லாவிட்டால் பிடித்துப் பிடித்து ஓரம் பிளந்துவிடுமாம். "ரெண்டு பக்கமும் வைக்கட்டுமா மேடம்? எப்படித் தூக்குவீங்க?"

"வலது பக்கம் மட்டும் போதும் பாய். இடது பக்கம் ஆபரேஷன் ஆயிருக்கு. அந்தக் கையால தூக்க முடியாது. இனிமேலும் முடியாது."

"சரிங்க" என்றார் பாய். குனிந்து, என் விரல்கள் ஓரத்தைப் பிடித்திருந்த இடத்தில் இந்தப் பக்கம் ஒரு கோடு, அந்தப் பக்கம் ஒரு கோடு போட்டார், கையை எடுக்கச் சொல்லவில்லை. பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு கட்டை தேடப் போனார். மூடியை நான் பிடித்திருந்தேன்.